மருந்தறையும் மனையும்: தென்பாண்டிச் சீமையில் வெடிமருந்துச் சேமிப்பு

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் பட்டாசுத் தொழில் வேரூன்றியமைக்குக் காரணம் கூறுவோருள் ஒரு சாரார் பாளையக்காரர் காலத்தைச் சுட்டுவர். கட்டபொம்மனோடு நின்று கும்பினியாரை எதிர்த்தமையால் 1799இல் பறிமுதல் செய்யப்பட்ட பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் கோல்வார்பட்டியும் அடங்கும். இவ்விரண்டு ஊர்களும் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசு ஆலைகள் மலிந்த பகுதியிலேயே உள்ளன. ஆதலின், அன்று பாளையத்து வீரர்க்கு மருந்து இடித்துக் கொடுத்த கைகளின் வழிவந்த கைகளே இன்று சரவெடி பின்னுகின்றன என்றும், மருந்தை மனையில் வைத்துக்கொள்வது இம்மண்ணுக்குப் புதிதன்று என்றும் அவர்கள் கூறுவர். செவிக்கு இனிய கூற்றுத்தான். சான்றுகள் இதற்கு இடந்தருகின்றனவா என்பதே வினா. சில ஆண்டுகளுக்கு முன் நாட்டார் வழக்குச் சொற்களைத் தொகுக்க இப்பகுதிக்குச் சென்றிருந்தோம். அப்போது வீட்டில் கருந்திரி செய்துவந்த முதியவர் ஒருவர், 'இது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துத் தொழில்' என்று எம்மிடம் கூறினார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'மருந்து' என்பது பண்டைத் தமிழில் பிணி தீர்ப்பதையும் அமிழ்தத்தையும் குறித்து நின்றது. துப்பாக்கியும் பீரங்கியும் இந்நாட்டிற் புகுந்த பின்னரே அது வெடிக்கும் பொடியையும் குறிக்கலாயிற்று. 'வெடி' என்னும் அடை நூல்வழக்கிலேயே பெரிதும் காணப்படுகிறது. தொழிலிடத்தில் அடை வேண்டப்படுவதில்லை. மருந்துக் கலவை, மருந்து ஏற்றுதல், மருந்தறை, மணிமருந்து என வெறும் 'மருந்தே' வழங்குகிறது. இப்பொருள் விரிவு தமிழுக்கே உரியது என எண்ணிவிடுதல் கூடாது. மலையாளத்தில் வெடிமருந்நு, தெலுங்கில் மந்து, கன்னடத்தில் மத்து. இம்மூன்றிலும் நோய்மருந்தின் பெயரே வெடிபொடியின் பெயராகவும் நிற்கிறது. சிங்களத்தில் வெடிபெஹெத் என்பர், பெஹெத் மருந்தே. பாரசீகத்துத் தாரூவும் இவ்விரு பொருளும் உடையது. மலாய் மொழியில் உபாட் பெடில் என்பது வழக்கு. உபாட் மருந்து; பெடில் தமிழ் 'வெடில்' சென்று திரிந்தது என்பாரும் உளர். இவை எல்லாவற்றினும் முற்பட்டது சீனரின் ஹுவோ யாவ், அஃதாவது தீமருந்து. சாவா மருந்து தேடிய சீன இரசவாதிகள் கண்ட பொருள் ஆதலின் அவர்க்கு அப்பெயர் இயல்பாயிற்று. 1044இல் தொகுக்கப்பெற்ற வூசிங் சோங்யாவ் என்னும் சீனப் படைநூல் அதன் கலவைகளைக் கூறுகிறது. பொருள் நாடுவிட்டு நாடு செல்லுந்தோறும் பெயரும் மொழிபெயர்க்கப்பட்டு உடன்சென்றது என்று கருதுவதே பொருத்தம் உடைத்து. ஆகவே சொல்லின் தொன்மையைக் காட்டித் தொழிலின் தொன்மையை நிறுவ முயல்வது பயனற்றது.

தென்னாட்டில் வாணவேடிக்கைக்கு நல்ல சான்று விசயநகரக் காலத்தது. 1443இல் அந்நகரில் இருந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கு நிகழ்ந்த விழாவில் வாணவேடிக்கை கண்டதைக் குறித்துள்ளார். 1497 முதலாக ஒரிசாவை ஆண்ட கசபதி பிரதாபருத்திரன் பெயரால் வழங்கும் கௌதுகசிந்தாமணி என்னும் வடநூல் வாணக் கலவைகளை விளக்குகிறது. இச்செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தவர் பி. கே. கோடே. அரசன் முன்னிலையில் நிகழும் வேடிக்கையையே இவை பேசுகின்றன; குடிமக்கள் மனையில் மருந்து இருந்தமைக்கு இவற்றில் குறிப்பில்லை.

இனிப் பாளையங்களுக்கு வருவோம். கருமருந்துக்கு வேண்டுவன மூன்று: பொட்டிலுப்பு எனவும் வழங்கும் வெடியுப்பு, கந்தகம், கரி. கரி எங்கும் கிடைப்பது. உப்பை மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கலாம். கந்தகமோ வாணிகத்தால் வரவேண்டும். அரிதின் வந்த பொருளைக் கொண்டு செய்த மருந்தும் ஈரம் பட்டால் பயன் கெடும். ஆதலின் அதனைக் காத்தல் செய்தலினும் பெரிய தொழில். செஞ்சியிலும் திண்டுக்கல்லிலும் திருமயத்திலும் மருந்துக் கிடங்குகள் எனக் காட்டப்படும் கட்டடங்களைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர். தடித்த சுவர், மிகச் சிறிய வாயில், ஏனைக் கட்டடங்களினின்று விலகிய இருப்பு ஆகியன அங்கு உள்ளன. இவை பேரரசுகளும் பெருநிலத் தலைவர்களும் எடுத்த கற்கோட்டைகள். பாளையக்காரர் கோட்டைகளோ பெரும்பாலும் மண்ணால் ஆயவை, பாஞ்சாலங்குறிச்சி அத்தகையதே. அது தரைமட்டமாக்கப்பட்டமையால் அதனுள் மருந்தறை எங்கிருந்தது, எவ்வளவு கொண்டது என்று அகழ்ந்து காண்பது எளிதன்று. வீரன் ஒவ்வொருவனும் தன் துப்பாக்கிக்கு வேண்டும் சிறிதளவு மருந்தைக் கொம்பிலோ குடுக்கையிலோ இட்டு இடையில் கட்டிச் சென்றான். எஞ்சியது தலைவனின் கோட்டையில் இருந்திருத்தல் வேண்டும். குடியானவன் மனை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கும் வரவில்லை.

இவ்விடத்தில் மக்கள் நினைவில் நிற்கும் இரு செய்திகளை ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1780இல் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டபோது, அரண்மனையுள் கும்பினிப் படையினர் சேர்த்துவைத்திருந்த படைக்கலக் கிடங்கில் குயிலி தன் உடலுக்குத் தீமூட்டிப் பாய்ந்தாள் என்பது ஒன்று. 1799இல் கவர்னகிரிச் சுந்தரலிங்கமும் வடிவும் கும்பினியாரின் மருந்துக் கிடங்கை அழித்துத் தாமும் அதனோடு மாய்ந்தனர் என்பது மற்றொன்று. இவை செவிவழிச் செய்திகள். இவற்றை நிகழ்ந்தவாறே நிகழ்ந்தவை எனக் கொள்வதில் வரலாற்றாசிரியரிடையே ஒருமைப்பாடு இல்லை. அவ்வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ள வேண்டுவதும் இல்லை. எமக்கு வேண்டுவது வேறு. இரு செய்திகளிலும் அழிவது பகைவரின் கிடங்கு. மருந்து ஓரிடத்தில் மலையெனக் குவிந்து கிடப்பது, ஒரு பொறியால் ஒரு படையின் வலியே ஒடிவது, என்னும் காட்சியை மக்கள் கும்பினியாரோடு இணைத்தே நினைவிற் கொண்டனர். தம் தலைவரின் மருந்தறையைப் பற்றி இக்கதைகள் ஒன்றும் கூறவில்லை. அது சிறிதாயும் சிதறியும் இருந்தமையே காரணம் என்று கருதுகின்றோம். ஈதெம் ஊகமே, ஆயினும் மனைதோறும் மருந்து இருந்தது என்னும் கூற்றுக்கு இக்கதைகளைச் சான்றாகக் காட்டுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

மருந்தைக் குவித்தவர்கள் அதனால் பகைவரினும் மிகுதியாகத் தாமே துன்புற்றனர் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1763இல் திருச்சிராப்பள்ளியில் மருந்துக் கிடங்கு வெடித்துப் பல படைவீரர் மாண்டனர். அவர்தம் அனாதைப் பிள்ளைகளுக்காகப் பாதிரியார் சுவார்ட்சு தொடங்கிய பள்ளியே பின்னர் வெஸ்ட்ரி பள்ளியாக வளர்ந்தது. ஒரு கல்வி நிலையத்தின் பிறப்பு மருந்துக் கிடங்கின் அழிவில் உள்ளது என்பதை அந்நகரத்து மாணவரிற் பலர் அறியார். ஐரோப்பாவில் இப்பாடம் ஒரு நூற்றாண்டு முன்னரே கற்கப்பட்டது. ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரின் நடுவே, பழைய கன்னிமாடம் ஒன்றில் வைத்திருந்த மருந்து 1654 அக்டோபர் 12ஆம் நாள் வெடித்து நகரின் ஒரு பகுதியையே அழித்தது; ஓவியர் பப்ரீசியசு அதில் இறந்தார். அதன்பின் கட்டிய புதுக்கிடங்கை நகருக்கு வெளியே, பீரங்கிக் குண்டு செல்லும் தொலைவு தள்ளி அமைத்தனர். மருந்துக்கும் மனைக்கும் இடையே அளந்து விட்ட வெளி வேண்டும் என்னும் கோட்பாடு இவ்வாறு சாவுகளின் மேல் எழுந்தது. இன்றைய விதிகளில் காணப்படும் தொலைவு அட்டவணைகள் எல்லாம் இக்கோட்பாட்டின் விரிவே.

பாளையங்களின் மருந்துக்கு முடிவு வந்த கதை பலரும் அறிந்தது, சுருங்கக் கூறுவோம். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின், கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் மேசர் பானர்மன் பாளையக்காரர்க்கு ஆணையிட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிப் பாஞ்சாலங்குறிச்சியை மீண்டும் எழுப்பினார். மே 24இல் அது வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்சீமையில் படைக்கலம் வைத்திருப்பதைக் கடுந்தண்டனைக்கு உரிய குற்றமாக்கியது. துப்பாக்கி வைத்திருப்பவனே குற்றவாளி என்னும் நிலையில் அதற்கு மருந்து இடிப்பவனுக்கு வாழ்வேது? ஏழாயிரம்பண்ணையிலும் கோல்வார்பட்டியிலும் மருந்துத் தொழில் நிகழ்ந்திருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அத்தொழில் இவ்வறிக்கைக்குப் பின் வழிவழித் தொடர்ந்தது என்பதற்கு ஆதரவு வேண்டும். எம் பார்வைக்கு எட்டிய நூல்களில் அத்தகைய ஆதரவு இல்லை.

எனினும் மருந்து அறவே மறைந்துவிடவில்லை. கோயில் விழாக்களில் அதிர்வேட்டுப் போடுவோரும் வாணக்காரரும் ஊர்தோறும் சிலர் இருந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் வழங்கிவந்தது. வீட்டில் மருந்து வைத்தல் என்பதற்கு நம் நாட்டில் உண்மையான முன்வரலாறு உண்டெனின் அஃது இவர்களிடமே உண்டு. அதன் அளவோ ஒரு குடுக்கை. ஒரு விழாவுக்கு வேண்டுவது. அரசும் இதனை அறிந்தே சட்டம் செய்தது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்றது. 1884ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டம் மருந்தைச் செய்தல், வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லல் ஆகியவற்றை ஆளும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. முன்னையதன் இடத்தில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பின்னையது இன்றும் நிற்கிறது. அதன்கீழ் 1914, 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் வகுக்கப்பட்டன.

சிவகாசித் தொழிலின் தோற்றம் இவ்வாணக்காரரிடமிருந்தும் வரவில்லை. மழை பொய்க்கும் கரிசல் நிலம். வேளாண்மையை நம்பி வாழவொண்ணாத சூழல். இந்நிலையில் பி. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மீண்டு, 1923ஐ ஒட்டிச் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். விருதுபட்டி விருதுநகர் எனப் பெயர் பெற்றதும் அவ்வாண்டிலேயே என்பது ஒரு சுவையான பொருத்தம். தீப்பெட்டியை அடுத்து வண்ணத் தீக்குச்சியும் கம்பி மத்தாப்பும் வந்தன. இரண்டாம் உலகப்போரால் அயல்நாட்டுப் பட்டாசு வரவு நின்றது. 1940ஆம் ஆண்டு விதிகள் உரிமம் பெற்ற ஆலைகளுக்கு வழிகாட்டின. பட்டாசுத் தொழில் பெருகிற்று. கோட்டையில் தொடங்கிய வரலாறன்று இது. புகைவண்டியில் வந்த வரலாறு.

வேதியியலும் இதனையே உறுதி செய்கிறது. பாளையத்து மருந்து வெடியுப்பால் ஆயது. தீக்குச்சித் தலையிலோ பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. இவ்வுப்பைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் பெர்த்தொலே, வெடியுப்புக்கு மாற்றாக இதனை மருந்தில் சேர்க்க முயன்றார். 1788இல் எசோன் ஆலையில் அம்முயற்சி வெடித்து உயிர்ப்பலி கொண்டது. வெடியுப்பு மருந்தைக் கையாண்டு பழகியவரின் அறிவு குளோரேட்டுக்கு உதவாது என்பதை அன்றே உலகம் கண்டது. குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்த கலவை சிறு உராய்வுக்கும் பொறுக்காது. இந்திய அரசு 1992இல் பட்டாசுகளில் அக்கலவையைத் தடை செய்தது. இன்று ஓசைக்காகச் சேர்க்கப்படும் அலுமினியப் பொடிக் கலவையும் பாட்டனார் அறியாதது. பாட்டனாரின் கைப்பழக்கம் பேரனைக் காக்கும் என்று நம்புவோர், பாட்டனார் கையில் இருந்தது வேறு பொருள் என்பதை மறக்கின்றனர்.

விதிகள் மருந்தை எங்ஙனம் வைக்கச் சொல்கின்றன என்பதைச் சிறிது காண்போம். இலக்கிய மாணவர்க்கு இது புறம்பானது எனத் தோன்றலாம், ஆயின் 'மருந்தறை' என்னும் சொல்லின் இன்றைய பொருள் இங்கேதான் உள்ளது. உரிமம் பெற்ற கிடங்கு தனித்து நிற்றல் வேண்டும், குடியிருப்புக்கும் பாதைக்கும் இடையே மருந்தின் அளவுக்கு ஏற்ற வெளி விடுதல் வேண்டும், இடிதாங்கி வேண்டும், பொறி எழுப்பும் இரும்புக் கருவியும் ஆணி அடித்த செருப்பும் உள்ளே வருதல் கூடாது, தீக்குச்சி வாயிலிலேயே நின்றுவிட வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறை ஒவ்வொன்றும் சிறிதாய், பிற அறைகளினின்று விலகி, நால்வருக்கு மேற்படாமல் பணிசெய்யும் வகையில் இருத்தல் வேண்டும். ஓர் அறை வெடித்தால் மற்றோர் அறை பிழைக்க வேண்டும் என்பதே கருத்து. மருந்து வெடிக்கவே வெடிக்காது என்று விதி நம்பவில்லை. வெடித்தால் எத்தனை பேர் இறப்பர் என்பதையே அது முன்கூட்டி எண்ணுகிறது. இரக்கமற்ற கணக்குப்போல் தோன்றினும் எம் நோக்கில் இதுவே உண்மையான இரக்கம்.

மனையைப் பற்றியும் விதி பேசுகிறது. 1983ஆம் ஆண்டு விதிகள், ஒருவர் விற்பனைக்கன்றித் தம் சொந்தப் பயனுக்காக உரிமமின்றி வைத்துக்கொள்ளத்தக்க கருமருந்தின் அளவைப் பொதுவாக 5 கிலோ என வரையறுத்தன. ஆயின் பீகார், கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்காளம் ஆகிய நான்கு மாநிலங்களில் அது 500 கிராம் எனக் குறைக்கப்பட்டது. ஐந்து கிலோவுக்கும் அரைக்கிலோவுக்கும் உள்ள இடைவெளி எண்ணத்தக்கது. அரைக்கிலோ என்பது ஏறக்குறைய வேட்டைக்காரனின் குடுக்கை. நம் மாநிலத்துக்கு விதி விட்டுவைத்தது அக்குடுக்கையை மட்டுமே. அதுவும் வைத்திருப்பதற்கே அன்றி விற்பனைக்காகச் செய்வதற்கு அன்று. வெற்றுத் தோட்டாவில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்வதை அயல்நாடுகள் சிலவற்றில் வேட்டைக்காரர் வீட்டுப் பொழுதுபோக்காகச் செய்கின்றனர். ஈண்டோ தோட்டா செய்தல் படைக்கலச் சட்டத்தின்பாற் பட்டது; மருந்தளவில் விலக்கு உண்டு என்பதனால் தோட்டா செய்யும் உரிமை வந்துவிடாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு இடர்ப்பட்டோர் உளர்.

இனி, கருந்திரி. காகிதத்திலும் நூலிலும் கருமருந்து பூசி உலர்த்திய திரி இது. பட்டாசுக்குள் தீயைக் கொண்டுசெல்வது. சிவகாசித் தொழிலின் உறுப்புகளுள் பாளையத்து மருந்தோடு உறவு கொண்டாடத்தக்கவற்றுள் இஃதொன்று, வெடியுப்பால் ஆவதால். இதனையே சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிச் சிற்றூர்களில் உரிமமின்றி வீடுகளில் செய்கின்றனர். காவல்துறை கைப்பற்றிய செய்தி அடிக்கடி நாளிதழ்களில் வருகிறது. 2021 சூனில் தாயில்பட்டியில் வீட்டில் பட்டாசு செய்த இடத்தில் வெடித்து உயிர்கள் போயின. உரிமம் உடைய ஆலைகளும் விதியைக் கைவிட்டபோது இதே முடிவையே கண்டன. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பத்தெட்டுக்குக் குறையாதோர் இறந்தனர். அவருள் பலர் முதல் வெடிப்பைக் கேட்டு உதவ ஓடிவந்தவர். 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வூர் ஏழாயிரம்பண்ணைக்கு அண்மையது. கேரளத்துப் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10இல் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதும், கம்பப்புரை என அம்மக்கள் வழங்கும் வாணக் கிடங்கே. அங்கே மனையும் கோயிலும் கிடங்கும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

கூலிக்குறைவும் வேலையின்மையும் மக்களை இத்தொழிலுக்குத் தள்ளுகின்றன என்பதை யாம் மறுக்கவில்லை. அவ்வாராய்ச்சி பொருளியலார்க்கு உரியது. வரலாற்றின் பெயரால் அதற்குப் பெருமை தேடித்தருவதையே மறுக்கின்றோம். குலத்தொழில் என்னும் சொல் ஒரு பொருளை அச்சமின்றிக் கையாளச் செய்யும். அடுப்பங்கரைக்கு அடுத்த அறையில் திரியை உலர்த்தச் செய்யும். எம்மிடம் பேசிய முதியவர் வீட்டில் அதனைக் கண்டோம். பேச்சின் இடையே, 'உங்கள் பாட்டனார் எந்த ஆலையில் இருந்தார்?' என்று கேட்டோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். 'பாட்டன் கம்பும் பருத்தியும் போட்டார் ஐயா. மழை இல்லை. அப்பாதான் தீப்பெட்டி ஒட்டப் போனார். திரி நான் கற்றுக்கொண்டது' என்றார்.